டாக்டர் ஷம்ஷாத் மாற்றிச் சொல்லவில்லை

செய்தி வந்தபோது நான் மந்தைவெளி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளர் வரதன் போட்டிருந்தார்: பல் மருத்துவர் ஷம்ஷாத் விடியற்காலையில் காலமானார், மாலையில் அடக்கம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். டாக்டரின் கிளினிக் அந்த மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். நிமிர்ந்து பார்த்தால் மாடியில் பெயர்ப்பலகை தெரிந்தது. கை நீட்டியபடியே நின்றுவிட்டேன். "இன்னா சார், காய் வோணாவா?" என்று கேட்டார் கடைக்காரம்மா. "நம்ம பல் டாக்டரம்மா போயிட்டாங்கம்மா" என்றேன். "ஐயய்யோ! ஒடம்பு முடியாம கீறாங்கன்னுதான சொன்னாங்க" என்று தராசைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் இருவருக்குமே வியாபாரத்தில் மனம் போகவில்லை.

வரதன் மதியமே எனக்குப் போன் செய்தார். அடக்கம்கூட ஆகவில்லை.

"மூர்த்தி சார், நம்ம கண்காட்சி மலருக்கு அஞ்சலி ஒண்ணு வேணும். நீங்கதான் எழுதணும். நன்னா உருக்கமா எழுதுங்கோ. ஆனா அந்த டி.நகர் விவகாரத்தை மட்டும் தொட வேண்டாம். டாக்டரே கடைசியில ஒத்துண்டுட்டாராம்."

"எதை ஒத்துக்கிட்டாங்களாம்?"

"ரத்தினவேல் பேட்ஜ் ஒரிஜினல்தான்னு. ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தப்போ அவர்கிட்டயே சொன்னாராம். கண்காட்சியில பேட்ஜுக்குக் கீழே வைக்கற அட்டையில டாக்டர் பேரையும் போட்டுடலாம்னு இருக்கோம். அவருக்கும் ஒரு மரியாதைதானே சார்?"

மரியாதையாம்! அந்த அம்மாளை இன்னும் மண்ணுக்குள் வைக்கவில்லை, அதற்குள் அவர் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கிளம்பிவிட்டார்கள். நண்பர்களே, அதனால்தான் மலருக்கு நான் எழுதவில்லை. இதை நானே எழுதி, நானே ஜெராக்ஸ் எடுத்து, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறேன். உருக்கமாக எழுத எனக்கு இப்போது வரவில்லை. கோபம்தான் வருகிறது. டாக்டர் இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு, "சார், பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருப்பார்.

வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படைவீரர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பேட்ஜ்கள் இருக்கின்றனவே, அவற்றை எந்தத் தொழிற்சாலை செய்தது என்று கண்டுபிடிப்பதில் டாக்டர் ஷம்ஷாத் கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்றால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் படம் எடுத்து அனுப்பி, அவர் பதிலுக்குக் காத்திருக்கும் அளவுக்கு. மந்தைவெளியில் மருந்துக் கடைக்கு மேலே கிளினிக். பகலெல்லாம் பல், மிச்ச நேரமெல்லாம் பேட்ஜ்.

எனக்கு அவர் அறிமுகமானது என் கடைவாய்ப் பல்லின் புண்ணியத்தால். வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். பக்கத்துத் தட்டில் நீளப் பிடி போட்ட இரண்டு குட்டிக் கண்ணாடிகள். ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது உங்க வாய்க்குள்ள வராது, பயப்படாதீங்க. அது என் பேட்ஜுங்களுக்கு" என்றார். மரத்துப்போன நாக்கை வைத்துக்கொண்டு என்ன பேட்ஜ் என்று நான் கேட்கப்போக, பல் வெளியே வருவதற்குள் எனக்குப் பாதிச் சரித்திரம் சொல்லிவிட்டார். நான் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவன் என்பதையும் பல்லோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டார். "ஞாயித்துக்கிழமை மயிலாப்பூருக்கு வாங்க. தீப்பெட்டிக்கும் ஒரு மேஜை போட்டா வட்டம் பத்திக்காது" என்றார். நான் இந்த வட்டத்துக்கு வந்த கதை அதுதான்.

அவருடைய முதல் பேட்ஜ் ஒரு நோயாளி கொடுத்தது. அந்த மனிதரின் தகப்பனார் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்டவர். அங்கே கிடைத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பல்செட்டு நன்றாகப் பொருந்திய சந்தோஷத்தில் மகன் அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டார். முன்பக்கம் கழுகும் துப்பாக்கியும். பின்பக்கம் வெறுமை. செய்தவன் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. "ஒரு சாமானைச் செஞ்சவன் யாருன்னு தெரியாம எப்படி சார் தூங்கறது?" என்பார். நமக்கெல்லாம் தூக்கம் வருகிறது, அவருக்கு வரவில்லை.

அவர் வழி இதுதான். பேட்ஜை இரும்பு அச்சில் வைத்து அடிப்பார்கள். அடிக்க அடிக்க அச்சில் விரிசல் விழும். விரிசல் விழுந்த அச்சில் அடித்தால், பேட்ஜின் மேல் ரோமம் போல ஒரு கோடு மேடாக எழும்பும். நாள்பட நாள்பட அந்தக் கோடு நீளும். பெயர் போட்ட பேட்ஜ் ஒன்றிலும் பெயர் போடாத பேட்ஜ் ஒன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு இருந்தால் இரண்டும் ஒரே அச்சு, ஒரே தொழிற்சாலை. அதோடு பின்பக்கத்து ஊசி எப்படி வளைந்திருக்கிறது, கொக்கியை எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்றும் பார்ப்பார். "முன்பக்கம் எல்லாம் ஒரே மூஞ்சி. திருப்பிப் பாருங்க" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

ஒருநாள் கிளினிக்கில் ஆட்டோ சேகர் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தார். டாக்டர் முந்தைய நோயாளியை அனுப்பிவிட்டு, ஒரு நிமிடம் என்று சொல்லி, சிவப்பு நூல் கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். "இன்னா டாக்டரம்மா, பல்லு இங்க வலிச்சிக்கினு கீது, நீ அந்தத் தகரத்துக்கு வைத்தியம் பார்த்துக்கினு கீற!" என்று சேகர் கத்தினார். "அது உன்னை மாதிரி கத்தாது சேகர். வா, ஆ காட்டு" என்றார் டாக்டர். ஊசி போடும்போதும் சேகர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். டாக்டரின் அடக்கத்துக்கு முதலில் வந்து நின்ற ஆட்டோ அவருடையது.

முஸ்லிம் பெண்மணிக்கு இது தேவையா, அந்த மீசைக்காரனின் சாமான் வீட்டுக்குள் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. உறவுக்காரர்கள் கேட்டார்கள். நம் வட்டத்திலும் கேட்டார்கள், முதுகுக்குப் பின்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அவர் பதில் சொன்னார். "நான் இதைக் கும்பிடறதுக்கு வெச்சிருக்கேனா? விசாரிக்க வெச்சிருக்கேன். செஞ்சவங்கள்ல பல பேர், பேரைப் போடாம நம்பரைப் போட்டான். சண்டை முடிஞ்சதும் நல்லவனாட்டம் பட்டன் செஞ்சு வித்தான். நீதான்டா செஞ்சேன்னு யாராவது ஒருத்தர் சொல்ல வேணாமா?" நான் கை தட்டினேன். என்னோடு தட்டியவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு முறை பெருங்குடியில் ஐ.டி. வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் பேட்ஜ் பார்க்க வேண்டுமென்று கிளினிக்குக்கு வந்தான். நானும் இருந்தேன். ஒன்றைக் கையில் வாங்கியவுடனே, "செம கெத்து டாக்டர்! அந்தாளு மாதிரி ஒருத்தர் நம்ம நாட்டுக்கும் வரணும்" என்றான். டாக்டர் அவன் கையிலிருந்து பேட்ஜை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். "கொன்னு போட்டவங்க வாயில இருந்து தங்கப் பல்லைப் பிடுங்கின கூட்டம்டா அது. பல் டாக்டர்கிட்ட வந்து கெத்துங்கிறியா? எந்திரி." அவன் எழுந்து வாசலுக்குப் போனான். பின்னாலிருந்து, "பல்லு வலிச்சா வா. இதுக்கு வராதே" என்றார். அவ்வளவு கோபத்திலும் வைத்தியத்தை மறுக்கவில்லை பாருங்கள்.

சரி, தொட வேண்டாம் என்று சொன்ன விவகாரத்துக்கு வருகிறேன்.

ரத்தினவேலை உங்களுக்குத் தெரியும். டி.நகரில் ஜவுளிக்கடை, தென்பாண்டிச் சீமைக் குடும்பம், நம் வட்டத்தின் புரவலர். வெளிநாட்டு ஏலத்தில் ஒரு ஜெர்மானியப் பேட்ஜ் வாங்கினார். கழுகு, துப்பாக்கி, சுற்றிலும் இலை வளையம். மேலே சாம்பல் நிறம். விற்றவர்கள் அது போரின் கடைசிக் காலத்தில் துத்தநாகத்தில் அடித்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். ஆயுத பூஜை வந்தது. கடைப் பையன்கள் தராசு, கத்தரிக்கோல், முழக்கோல் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தார்கள். பேட்ஜில் கழுகின் காலடியில் ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பார்த்தார் விளக்கு தேய்க்கும் அம்மாள். சாமி சாமான் என்று நினைத்துவிட்டார். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு நன்றாகத் தேய்த்து, சந்தனம் குங்குமமும் வைத்துவிட்டார்.

உலகத்தில் வேறெங்கும் ஒரு ஜெர்மானியப் பேட்ஜுக்கு இந்தக் கதி வந்திருக்காது. சாம்பல் நிறமெல்லாம் புளியோடு போய், பேட்ஜ் புதுப் பித்தளைச் செம்பாட்டம் பளபளத்தது. ரத்தினவேல் முதலில் தலையில் கை வைத்தார். பிறகு யாரோ, போரின் தொடக்கத்தில் பித்தளையில்தான் செய்தார்கள், பித்தளை என்றால் இன்னும் அபூர்வம் என்று ஏற்றிவிட்டார்கள். மனிதர் பேட்ஜை எடுத்துக்கொண்டு மறு ஞாயிறே மயிலாப்பூருக்கு வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, சரஸ்வதியே காட்டிக் கொடுத்துட்டா பாத்துக்கிடுங்க. துத்தநாகம்னு வாங்கினேன், பித்தளையால்லா இருக்கு! எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

டாக்டர் திருப்பிப் பார்த்தார். ஊசியடியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். தன் பெட்டியிலிருந்து பெயர் பொறித்த துத்தநாகப் பேட்ஜ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் துப்பாக்கிக் கட்டையிலிருந்து இலை ஓரம் வரைக்கும் அதே நீளக் கோடு. ரத்தினவேல் முகம் மலர்ந்தது. "அப்போ இதே கம்பெனிதான?" என்றார். டாக்டர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"சார், இது எந்தக் கம்பெனியும் செய்யல. இந்தக் கோடு இவ்வளவு நீளமாகறதுக்குள்ள அவங்க பித்தளையை விட்டு துத்தநாகத்துக்குப் போயிட்டாங்க. நீளக் கோடு இருந்தா அது துத்தநாகமா இருக்கணும். உங்களுது பித்தளை. அப்படின்னா யாரோ ஒரு துத்தநாகப் பேட்ஜைப் பிரதி எடுத்து, பித்தளையில வார்த்து, மேல சாம்பல் கலர் பூசி உங்க தலையில கட்டியிருக்கான். வார்த்தா சுருங்கும் சார். நான் பல்லுக்குக் கேப் வார்க்கறவ, எனக்குத் தெரியாதா? பாருங்க, என்னுதை விட உங்களுது ஒரு நூல் சின்னது. இது போலி."

ரத்தினவேல் முகம் சுண்டிவிட்டது. உடனே எல்லோரும் பேசினார்கள். வரதன் டாக்டரைத் தனியாக அழைத்து, "தெரியலைன்னு சொல்லிடுங்கோளேன் டாக்டர். நமக்கு ஹால் தரவர், மலருக்கு விளம்பரம் தரவர். யாருக்கும் நஷ்டமில்லையே" என்றார். டாக்டர் தனியாகப் பதில் சொல்லவில்லை. ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இது தெரியும்."

மறு ஞாயிறு அவர் வழக்கமாக உட்காரும் மேஜையைக் காணோம். இடப் பற்றாக்குறையாம். அதற்கடுத்த ஞாயிறு டாக்டர் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹாலின் நடுவில் விரித்துப் போட்டு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "டாக்டர், சங்கடமா இல்லையா?" என்று கேட்டேன். "அவங்களுக்குச் சங்கடமா இருக்கணும்னுதானே சார் நடுவுல போட்டிருக்கேன்" என்றார். உடம்பு படுக்கையில் தள்ளும் வரை ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. நீங்கள் எல்லோரும் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தீர்கள். நானும்தான் பார்த்தேன்.

இப்போது, அவர் மனம் மாறினார் என்கிறார்கள். நண்பர்களே, ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஒரு கடற்படைப் பேட்ஜை இன்ன தொழிற்சாலை செய்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வேறு படம் அனுப்பி, அது தவறு என்று காட்டினார். அன்று வட்டத்தில் டீ கொடுக்கும் நேரம். எல்லோர் வாயிலும் பஜ்ஜி. டாக்டர் எழுந்து நின்று கையைத் தட்டி, "எல்லாரும் கேளுங்க. அந்தக் கடற்படை பேட்ஜ் விஷயத்துல நான் சொன்னது தப்பு. கொக்கியை மட்டும் பார்த்து ஏமாந்துட்டேன்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு எந்தப் பேட்ஜ் என்றே தெரியாது. கேட்டே ஆக வேண்டும் என்று நின்று, தவறு எங்கே நேர்ந்தது என்று விளக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

தன் தவற்றை ஊருக்கே அறிவித்தவர், ரத்தினவேல் விஷயத்தில் மனம் மாறியிருந்தால் அவர் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுச் செத்துப்போவாரா? கொஞ்சம் யோசியுங்கள்.

அடையாறு ஆஸ்பத்திரிக்கு ரத்தினவேல் போனது உண்மை. மறுநாள் நான் போனேன். டாக்டர் மெலிந்து, தலையணைக்குள் புதைந்து கிடந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "ரத்தினவேல் வந்தாரு. ஆப்பிள் கொண்டாந்தாரு. பேட்ஜைப் பத்தியும் கேட்டாரு" என்றார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஆப்பிள் நல்லா இருக்குன்னேன். பேட்ஜ் போலின்னேன்." எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அவரை உயிரோடு பார்க்கவில்லை. கதவருகே நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

துக்கம் விசாரிக்க நான் அவர் வீட்டில் இருந்தபோது ரத்தினவேலும் வரதனும் வந்தார்கள். டாக்டரின் கணவர் யூசுப் பாய் அதிகம் பேசாத மனிதர். ரத்தினவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். அது வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன், கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து அச்சடித்த அட்டையை எடுத்தார். பேட்ஜின் பெயர், தொழிற்சாலையின் பெயர், கீழே 'அடையாளம் கண்டவர்: டாக்டர் ஷம்ஷாத்'. "பாய், அம்மா பேரு நிலைச்சு நிக்கும்லா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

யூசுப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"உசிரோட இருக்கும்போதே, எனக்காக நீங்க பேசாதீங்கன்னு சொல்லுவா. இப்ப நான் பேசினா விட்டுடுவாளா? அவ சொல்லிட்டுப் போனதுதான் சார். அதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல."

வரதன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ரத்தினவேல் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை, பையில்தான் வைத்துக்கொண்டார். கண்காட்சியில் அது வரும் என்று நேற்று கேள்விப்பட்டேன்.

டாக்டரின் பேட்ஜ்கள் எதுவும் எனக்கு வேண்டாம் என்று யூசுப் பாயிடம் சொல்லிவிட்டேன். அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் போகட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: சொல்ல வேண்டியதை, சம்பந்தப்பட்டவரின் முகத்தைப் பார்த்து, நாலு பேர் இருக்கும்போதே சொல்வது. அதனால் இந்தத் தாளின் முதல் பிரதியை நானே டி.நகருக்குக் கொண்டுபோய்க் கல்லாவில் கொடுக்கப் போகிறேன். கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன்.

ரத்தினவேல் சார், அது போலி.